உங்களுக்கு இது போதும்

“உங்களுக்கு இது போதும் சார்.”

விற்பனையாளர் லாரன்ஸ் மூன்றாவது தடவையாக அதையே சொன்னபோது தமிழ்நிலாவுக்குச் சுருக்கென்றது.

தி.நகரில் மாடியில் இருக்கும் அந்த கேமராக் கடைக்கு அவள் வந்தது ஒரு மெமரி கார்டு வாங்க. வாங்கியும் ஆயிற்று. ஆனால் பக்கத்தில் ஒரு அநியாயம் நடக்கும்போது பேசாமல் படியிறங்கிப் போகிற சுபாவம் அவளுக்கு இல்லை. கல்லூரியில் அவளுடைய விஸ்காம் வகுப்பைக் கேட்டால் சொல்லும்.

கேமரா கேட்டு வந்தவர் நாகராஜ். ஐம்பது வயதிருக்கும். வெளுத்த சட்டை, வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி தேவானை.

“சைதாப்பேட்ட ஆத்தோரம் இருந்தப்போ ஏரியா கல்யாணம் பூரா நான்தான் சார் எடுத்தது. அப்பால வூட்ட இடிச்சிட்டு எங்களைப் பெரும்பாக்கம் தூக்கிப் போட்டாங்க. நடுவுல ஒடம்பு சரியில்லாம ஒரு வருசம் வீட்லயே குந்திகினு இருந்தேன். இப்பதான் ஒரு ஆர்டர் வந்துகீது. ஃபுல் ஃபிரேம் கேமரா வெச்சிக்கீறியான்னு கேக்கறாங்க. அந்தப் பெருச காட்டு சார்.”

“பெரிய சென்சார் வேணாம் சார். சின்னதுலயே அருமையா வரும். டீ ஆறுது பாருங்க, குடிங்க.”

“டீ வாணாம் சார்.”

அவமானத்தில் மனுஷனுக்கு டீகூட இறங்கவில்லை என்று தமிழ்நிலாவுக்குப் பொங்கியது. போனை எடுத்து இரண்டு கேமராக்களையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடும் அட்டவணையைத் தேடினாள். அவள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் லாரன்ஸ் சின்னதை நாகராஜிடம் கொடுத்து, தேவானையை ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

“பாருங்க, மூக்குத்திக் கல்லு வரைக்கும் தெரியுது. இதுக்கு மேல என்ன வேணும்?”

“நல்லாத்தான் கீது. ஆனா அத்தயும் பாத்துட்றேனே.”

லாரன்ஸ் சற்றுத் தயங்கினார். “அந்த மாடல் கம்ப்ளெயின்ட் சார். படம் ஷார்ப்பா விழ மாட்டேங்குதுன்னு ரெண்டு பேர் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க.”

அவ்வளவுதான்.

“எந்த ரெண்டு பேர் அண்ணா?” என்றாள் தமிழ்நிலா. “இதோ எல்லாரும் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க. அது சென்சார் இதைவிட ரெண்டு மடங்குக்கு மேல பெருசு. மண்டபத்து மங்கல் வெளிச்சத்துல எது நல்லா வரும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“சிஸ்டர், நீங்க கார்டு வாங்கிட்டீங்கல்ல?”

“வாங்கிட்டா வாயை மூடிக்கணுமா? கார்ல வந்து இறங்கின ஒருத்தர் கேட்டிருந்தா, ‘உங்களுக்கு இது போதும்’னு சொல்லியிருப்பீங்களா? பெரும்பாக்கம்னதும் சின்னது போதும்னு முடிவு பண்ணிட்டீங்க.”

லாரன்ஸ் கண்ணாடி மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை.

தேவானை எழுந்து வந்து தமிழ்நிலாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். “வுடு கண்ணு. அவுரு சொல்றதையே வாங்கிக்கினு போறோம்.”

“நீங்க ஏன்க்கா அடங்கிப் போறீங்க? உங்க தொழில், உங்க இஷ்டம்.”

நாகராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாப்பா சொல்றது ஞாயம். எடு சார் அத்த.”

லாரன்ஸ் தேவானையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அலமாரியைத் திறந்தார்.

“வெயிட் ஜாஸ்தி சார். பார்த்து.”

பாக்கெட்டுக்குள் திரும்பியிருந்த கை வெளியே வந்தது. கேமராவைக் கண்ணில் வைத்ததும் நாகராஜ் வேறு ஆளாகிவிட்டார். குரலே மாறிப்போனது.

“பாப்பா, இப்டி வெளிச்சத்தாண்ட வா. மூஞ்சிய கொஞ்சம் தூக்கு. கோவம் வாணாம், சிரி.”

ஜெயித்த சந்தோஷத்தில் தமிழ்நிலா நன்றாகவே சிரித்தாள்.

நாகராஜ் திரையைப் பார்த்தார். இன்னொன்று எடுத்தார். முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு மூன்றாவதும் எடுத்தார். தமிழ்நிலா எட்டிப் பார்த்தாள். மூன்றிலும் அவள் முகம் புகை மாதிரி கலைந்திருந்தது.

டக் டக் டக் என்று ஒரு சத்தம். கேமரா வாரின் கொக்கி கண்ணாடி மேசையில் தட்டிக்கொண்டிருந்தது. கேமராவைப் பிடித்திருந்த கை ஒரு நிலையில் நிற்கவில்லை. பக்கத்தில் டீ, ஆடை கட்டிப்போய், அப்படியே இருந்தது.

தமிழ்நிலா போனைக் குனிந்து பார்த்தாள். அட்டவணையில் சென்சார் அளவு முதல் வரி. அதோடு அவள் நிறுத்தியிருந்தாள். விரலால் தள்ளத் தள்ள, கீழே எங்கேயோ இன்னொரு வரி வந்தது. கை நடுக்கத்தைத் தாங்கும் லென்ஸ். சின்னதுக்கு ‘உண்டு’. பெரியதுக்கு ‘இல்லை’.

“நான் சொன்னேன்ல சார்,” என்றார் லாரன்ஸ் மெதுவாக. “இந்த மாடலே இப்படித்தான்.”

நாகராஜ் அவரைப் பார்க்கவில்லை. கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு, கையை மறுபடி பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, தமிழ்நிலாவைப் பார்த்தார்.

“கடைக்காரரு ஆயிரம் சொல்வாரு. நீ எனக்காவ சண்ட போட்ட பொண்ணு, பொய் சொல்ல மாட்ட. சொல்லு பாப்பா. கேமராதான் சரியில்லியா?”

தேவானையின் கை மறுபடி தமிழ்நிலாவின் மணிக்கட்டைப் பற்றி இறுக்கியது.

தமிழ்நிலா போனைக் கண்ணுக்கு நேரே தூக்கி, அணைந்துவிட்டிருந்த திரையில் விரலை மேலும் கீழும் தள்ளினாள்.

“ஆமா அங்கிள். நான்தான் சரியாப் படிக்கல. நிறைய பேர் இதே கம்ப்ளெயின்ட்தான் எழுதியிருக்காங்க.”