முதுகுக்குக் கீழே

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. உரக்கச் சொல்கிற கதை இல்லை இது. அந்த மனுஷன் காதில் விழுந்தால் இன்னொரு தடவை கூனிக் குறுகிப் போவார், பாவம்.

ஆபீஸ் குமாஸ்தா அவர். காரில் சைலன்சர் கழன்று தொங்கியது. மெக்கானிக்குக்கு எங்கே போக? மனைவியின் தம்பியே மெக்கானிக்தான்.

காலையிலேயே மனைவி சொல்லிவிட்டாள்.

"போன தடவை, கிரீஸ் கையோட உள்ளே வராதேன்னு என் தம்பியை வாசல்லயே நிறுத்தி வெச்சீங்க. இன்னொரு தடவை அவனை அப்படி நடத்திப் பாருங்க, அவன் வண்டியிலயே நானும் ஏறிப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லலை."

"சேச்சே, என்னம்மா நீ!" என்றார்.

தம்பி வந்தான். முற்றம் பூராவும் சரளைக்கல். குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, கீழே விரிக்க ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டான்.

இருந்தது. அவருடைய முதுகுவலிக்கு டாக்டர் சொல்லி வாங்கிய உடற்பயிற்சி விரிப்பு. விரல் தடிமன், மெத்மெத்தென்று. எண்ணெய் பட்டால் போகவே போகாது. அதனால் தம்பி வருவதற்கு முன்பே டிக்கிக்குள் ஒளித்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லையே மாப்ளே. ஃபேன் வந்த அட்டைதான் கிடக்கு. உனக்கென்ன, பழகின உடம்பு!"

"ஆமா மாமா, முதுகை வீட்ல கழட்டி வெச்சுட்டுத்தான் வந்தேன்." சிரித்துக்கொண்டே அட்டையைப் பிரித்துப் போட்டான். தோளுக்குப் போட்டால் இடுப்புக்குப் பற்றவில்லை. "ஜாக்கி எங்கே மாமா?"

"டிக்கியில..."

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தார். அதற்குள் அவன் திறந்துவிட்டான்.

உள்ளே பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். இவர் பக்கம் திரும்பவே இல்லை. ஜாக்கியை மட்டும் எடுத்து, வண்டியைத் தூக்கி முட்டுக் கொடுத்து, அட்டையில் மல்லாந்து உள்ளே நுழைந்தான்.

இவர் டார்ச் பிடித்து நின்றார். கீழே கல் உரசும் சத்தம். நடுநடுவே "ஸ்..." ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை.

வீட்டுக்குள்ளிருந்து செருப்புச் சத்தம். மனைவி டீ கொண்டு வருகிறாள்!

தொலைந்தோம் என்று வாசலையே பார்த்தபடி நின்றார். முதுகுக்குப் பின்னால் டிக்கி மூடுகிற மாதிரி 'டப்'பென்றது.

அவள் வந்து குனிந்து பார்த்தாள். "ஏங்க, உங்க புது விரிப்பா?"

அவரும் குனிந்தார். விரிப்பின்மேல் சொகுசாகப் படுத்திருந்தான் தம்பி.

"அழுக்காயிடும் மாமான்னு சொன்னேன்க்கா. கேட்டாத்தானே!"

அவள் கணவரை ஏறிட்டுப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "உங்களைப் போய் என்னென்னமோ பேசிட்டேனே" என்று டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"மாப்ளே... அதுலயே படுத்துக்கோப்பா." அவர் குனிந்து சொன்னார்.

"வேணாம் மாமா. எண்ணெய் பட்டா போகாது."

வெளியே வந்து, விரிப்பைத் தூசி தட்டிச் சுருட்டி டிக்கியில் வைத்துவிட்டு, மறுபடியும் அந்த அட்டையில் போய் முதுகைச் சாய்த்தான்.