அத்தை பேசிய கேம்

“அவ குரலைக் கேட்காம இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கிறதா இல்ல” என்று மாமனார் சோபாவின் கைப்பிடியில் ஓங்கி அடித்தார். “நீங்க சுடுங்க மாப்பிள்ளை!”

மாப்பிள்ளை சுட்டார். தொழிலில் அவர் பல் டாக்டர், அதனால் கை நடுங்காது. டிவி திரையில் எட்டுக்கால் ஜந்து ஒன்று பச்சை ரத்தம் கக்கிச் சாய்ந்தது. உடனே விண்கலத்தின் கணினி, “கதவு திறந்தாயிற்று, வீரரே” என்று பெண் குரலில் குழைந்தது.

மாமனார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். “இது அவ இல்ல.”

டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கதவுக்குள் நுழைந்தார்.

அத்தை காலமாகி ஒரு வருடம் ஆகிறது. மாமனார் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், இந்தக் கேமுக்குக் குரல் கொடுக்க வேண்டிய ஆள் கடைசி நேரத்தில் கம்பி நீட்டிவிட, ஆத்திர அவசரத்துக்கு அத்தையைக் கூட்டிப்போய் மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறார். திரும்பி வந்த அத்தை, தொண்டை கட்டிப்போய் ஒரு வாரம் சைகையிலேயே குடித்தனம் நடத்தினாராம். அப்படி என்னதான் பேசினாய் என்று மகள் குடைந்தபோதெல்லாம், சிரித்துக்கொண்டே வேறு அறைக்குப் போய்விடுவாராம்.

அத்தையின் குரல் எப்பேர்ப்பட்டது என்று டாக்டருக்குத் தெரியும். அவர் “சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டால், வயிறு நிறைந்தவன்கூடத் தட்டை எடுப்பான். அந்தக் குரலுக்கு விண்கப்பலின் கணினியைத் தவிர வேறு என்ன வேடம் கிடைத்திருக்க முடியும்? டாக்டருக்கோ அவர் மனைவிக்கோ அதில் சந்தேகமே இல்லை.

பழைய டிஸ்க் என்றோ கீறல் விழுந்து செத்துவிட்டது. இப்போது அதே கேம் புதுப் பொலிவோடு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், மாமனார் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டை வாங்கி ஹாலில் நட்டுவிட்டார். “யாராவது ஆடி முடிச்சதை போன்லயே பார்த்துடலாமேப்பா” என்று மகள் சொன்னதுதான் தாமதம், “கொசு கத்துற ஸ்பீக்கர்லயா உங்கம்மாவைக் கேட்கச் சொல்றே?” என்று பாய்ந்தார். ஆனால் பொத்தான்களில் அவருக்கு விரல் ஓடவில்லை. அதனால் மாப்பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சனி பிடித்தது.

டாக்டரை அரித்தது வேறு விஷயம். கேம் கடைக்காரர் பல் பிடுங்க வந்தபோது பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். “படமெல்லாம் புதுசு டாக்டர். வசனம் பூரா புது ஆளுங்களை வச்சுப் பேச வச்சுட்டாங்க. வெடி, இரைச்சல் மாதிரி சத்தம்தான் பழசு. அதுல கை வச்சா ஆடுறவங்க சும்மா விடுவாங்களா?”

அன்றிலிருந்து டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் எல்லோரையும் வாயைத் திறக்க வைக்கிறவருக்கு, மாமனார் முன்னால் தன் வாயைத் திறக்க வரவில்லை. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் குற்றவாளிபோல் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, அத்தை அப்படி என்னதான் பேசினாங்க? சொன்னா நானும் கவனிப்பேன்ல?”

“பிள்ளைங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கா. நீங்களும் பிள்ளைதான். ஆடுங்க.”

“ஒருவேளை... குரலை மாத்தியிருந்தா?”

மாமனாரின் கால் ஆட ஆரம்பித்தது. “அந்தப் பயத்துலதான் எனக்குத் தூக்கமே வரல மாப்பிள்ளை. அவ குரல்னு என்கிட்ட வேற எதுவும் இல்ல. ஊரார் குரலையெல்லாம் பதிஞ்சேன், வீட்டுல இருக்கிறவதானேன்னு விட்டுட்டேன்.”

மனைவி கதவோரம் எட்டிப் பார்த்தாள். “உலகத்தைக் காப்பாத்தினது போதும். யாராவது ஒருத்தர் வந்து காயப்போட்ட துணியை எடுங்க.” ஒருவரும் அசையவில்லை. தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசிக் கட்டம் வந்தது. இருண்ட குகை. “இதற்கு மேல் என்னால் வர இயலாது. விடைபெறுகிறேன், வீரரே” என்று சொல்லிக் கப்பல் கணினி அடங்கிப்போனது.

டாக்டருக்குப் பகீரென்றது. இனிமேல் கப்பல் பேசாது. அத்தையும் இல்லை. அவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

“மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் மறைச்சுட்டேன்...”

“அப்புறம் சொல்லுங்க, அப்புறம் சொல்லுங்க! இப்ப நிறுத்தாதீங்க!” மாமனார் சோபாவின் நுனிக்கு நகர்ந்துவிட்டார். மனிதர் இன்னுமா நம்பிக்கொண்டிருக்கிறார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். சீக்கிரம் முடித்துத் தொலைத்துவிட்டு, மனம்விட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மறுபடி பொத்தானை அழுத்தினார்.

குகையின் மூலையிலிருந்து அந்த ஜந்துக்களின் தாய் எழுந்தது. ஏழு மாடி உயரம். வாயைப் பிளந்தபோது, இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தை என்பதைக்கூட டாக்டர் கவனித்துவிட்டார்.

அது ஒரு உறுமல் உறுமியது. ஸ்பீக்கர் அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது, மொட்டை மாடியிலிருந்து மனைவி துணியும் கையுமாக ஓடி வந்தாள். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அதன் நெற்றிப்பொட்டுக்குக் குறி வைத்தார்.

மாமனார் பாய்ந்து அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கண்களில் தண்ணீர் தாரை தாரையாக வழிய, முகம் முழுக்கச் சிரிப்பு.

“சுட்டுடாதீங்க மாப்பிள்ளை, அதுதான் உங்க அத்தை!”