பாலில் கலந்த பொடி

"அந்த சைராகுல் உன் பையன் பால்ல ஏதோ பொடி கலக்குறா. என் கண்ணால பார்த்தேன்."

எதிர்வீட்டு ரக்கியா இப்படிச் சொன்னபோது குல்சாத்துக்கு அதிர்ச்சியே இல்லை. இரண்டு வாரமாக அவளுக்கும் அந்தச் சந்தேகம்தான்.

ரக்கியா பகலில் குல்சாத் வீட்டுக்குச் சல்லடை இரவல் கேட்கப் போனாளாம். சமையலறையில் சைராகுல் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பாட்டிலில் கொட்டிக் குலுக்கிக்கொண்டிருந்தாளாம். இவளைப் பார்த்ததும் காகிதத்தைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாளாம்.

குல்சாத்தின் மகன் தாலாய்க்குப் பதின்மூன்று மாதம். டப்பாப் பாலிலேயே வளர்ந்தவன். அவள் வேலை பார்க்கும் துணிக்கடையில் அவனுக்கு "டப்பாக் குழந்தை" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. பையன் முதல் அடி வைத்து, நடை பழகும் பிள்ளையின் காலில் கயிறு கட்டி அறுக்கும் அவர்கள் வழக்கப்படியான விருந்து முடிந்ததோ இல்லையோ, மறுநாளே டப்பாவை நிறுத்திவிட்டாள். நரின் ஊருக்கு மேலே மலையிலிருந்து வரும் நல்ல பசும்பால்தான் இனி.

பகலில் வீட்டுக்கு வந்து பையனைப் பார்த்துக்கொள்வது கீழ்வீட்டு சைராகுல். குழந்தைகள் காப்பகத்தில் இருபது வருஷம் ஆயாவாக இருந்தவள், அதிகம் பேசமாட்டாள். "ஒரே நாள்ல நிறுத்தினா..." என்று அன்றைக்கு ஏதோ ஆரம்பித்தாள்.

"இனிமே இந்த வீட்டுல டப்பாப் பால் வாசனையே வரக்கூடாது அக்கா," என்று குல்சாத் அதோடு பேச்சை முடித்துவிட்டாள்.

தாலாய்க்கு வயிறு கட்டிக்கொண்டது. மூன்று நாள் ஆய் போகவில்லை. வயிறு கல் மாதிரி. முக்கி முக்கி முகமே சிவந்து அழுதான்.

அப்புறம்தான் அந்த விசித்திரம். திங்கள் முதல் வெள்ளி வரை பையன் நன்றாக இருந்தான். குல்சாத் வீட்டிலிருக்கும் சனி, ஞாயிறு மட்டும் வயிறு உப்பி, காலை மடக்கிக்கொண்டு அழுதான். அதே பால், அதே பாட்டில்.

சாயங்காலம் வந்ததும் பாட்டிலை மோந்து பார்ப்பாள். பளிச்சென்று கழுவியிருக்கும். இவ்வளவு சுத்தமாக ஏன் கழுவ வேண்டும் என்று தோன்றும். பையன் இன்றைக்கு எப்படி இருந்தான் என்று கேட்டால், சைராகுல் தரையைப் பார்த்துக்கொண்டே "நல்லா இருந்தான்" என்பாள்.

அழுகிற குழந்தையை அடக்க அந்தக் காலத்தில் போதை தரும் கசகசாத் தோலை வேகவைத்த தண்ணீர் கொடுப்பார்கள் என்று ரக்கியா நினைவுபடுத்தினாள். குல்சாத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஐந்து நாள் மருந்து. மருந்து கிடைக்காத இரண்டு நாள் பிள்ளை துடிக்கிறான்.

மறுநாள் கடையில் சொல்லிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். தாலாய் தூங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தூக்கம்கூட அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"பால்ல என்ன கலக்குறீங்க?"

சைராகுலின் முகம் வெளுத்தது. "தப்பா எதுவும் இல்லம்மா. அவன் வயித்துக்கு ஒத்துக்கணுமேன்னு..."

"என் பிள்ளை வயித்தப் பத்தி நீங்க பேச வேண்டாம். சாவிய வெச்சிட்டுக் கிளம்புங்க."

சைராகுல் சாவியை மேஜைமேல் வைத்தாள். பையன் உதைத்துத் தள்ளியிருந்த போர்வையை இழுத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

குல்சாத்துக்கு அது போதவில்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "சைராகுலிடம் யாரும் குழந்தைகளை விடாதீர்கள். பாலில் மருந்து கலக்கிறாள்." அடுத்த மாதம் தன் மகளை சைராகுலிடம் விடுவதாக இருந்த மூன்றாம் மாடிக்காரி, இனி விடப்போவதில்லை என்று பத்தே நிமிஷத்தில் பதில் போட்டாள்.

அடுத்து ஆதாரம் வேண்டும். சமையலறை அலமாரியைக் குடைந்தாள். மாவு மூட்டைக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே வரிசையாகப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு தேதி.

ஒன்றைப் பிரித்தாள்.

ருசி பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷம் அவள் கையிலும் துணியிலும் ஒட்டிக்கிடந்த வாசனை. டப்பாப் பால் பொடி.

தேதிகளுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதோ இருந்ததை அப்போதுதான் கவனித்தாள். இன்றைக்கு இரண்டு கரண்டி. நாளைக்கு ஒன்றரை. அதற்கடுத்து ஒன்று. கடைசிப் பொட்டலத்தில் அரைக் கரண்டி. எந்தப் பொட்டலத்திலும் சனி, ஞாயிறு தேதி இல்லை. டின்னின் அடியில், அவள் தூக்கிப் போடச் சொன்ன டப்பாவின் அளவுக் கரண்டி கிடந்தது.

குல்சாத் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால் மாற்றிய இந்த மூன்று வாரத்தில் பிள்ளையை அழவைத்தது அவள் ஒருத்திதான்.

போனை எடுத்தாள். மூன்று தடவை எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், "நான் சொன்னது பொய். சைராகுல் அக்கா கலந்தது டப்பாப் பால் பொடி. என் மகன் வயிறு பழகுவதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்கிறார். எனக்குப் பயந்து மறைத்திருக்கிறார்," என்று எழுதி அனுப்பினாள். எழுந்துவிட்ட தாலாயைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள்.

கதவைத் திறந்த சைராகுலின் கண்கள் சிவந்திருந்தன. கையில் போன். திரையில் குல்சாத்தின் முதல் செய்தி அப்படியே இருந்தது. இரண்டாவதை அவள் இன்னும் பார்க்கவில்லை.

"அக்கா, நான்..." என்று குல்சாத் ஆரம்பித்தாள்.

சைராகுல் அவளைப் பார்க்கவே இல்லை. தாலாயின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தாள்.

"நீ வந்தப்புறம் ஆய் போனானா?"