நாமக்கோழிச் சண்டை

பறவை பார்க்க ஏரிக்குள் போன புருஷன் பெண்டாட்டியின் கயாக் படகை ஒட்டியே, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட இரண்டு நாமக்கோழிகள் தண்ணீரில் கட்டிப் புரண்டன. சமரசத்துக்கு இடமே இல்லாத சண்டை. ஒன்று மற்றதன் மேலேறித் தலையைத் தண்ணீருக்குள் மிதித்து அமுக்கியது.

"செத்துரும்ங்க, விலக்கிவிடுங்க," என்றாள் உமையாள்.

"வேடிக்கை பாக்க வந்த எடத்துல நமக்கென்ன பஞ்சாயத்து?" பின்னாலிருந்த நாகப்பன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அசையாத, படம் கெட்டுரும்."

பதினோரு வருஷமாக அசையாதவள் அசைந்தாள். மேலே இருந்ததன் மண்டையில் துடுப்பால் ஒரே போடு. அது சாய்ந்தது. அமுங்கிக் கிடந்தது மேலே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நிதானமாக அதன் தலைமேல் ஏறி மிதிக்கத் தொடங்கியது.

நாகப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "இப்ப நீ யாரு கட்சி?"

துடுப்பின் நுனியில் ரத்தம். ஓங்கிய துடுப்பை இறக்காமலே உமையாள் அவன் பக்கம் திரும்பினாள்.