குழாயடிச் சத்தம்

நாராயணபெருமாள் இரண்டு குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

கட்டில் காலி. எட்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் மனைவி செல்லத்தாயைக் காணவில்லை.

"அண்ணாச்சி, அந்த நாலு பயலுவளும்தான்!" எதிர்வீட்டு ஜெஸ்மி ஓடி வந்தாள். "கதவைத் தள்ளிட்டு உள்ள போனானுவ. அக்காவை நாற்காலியோட தூக்கிட்டு அவனுவ வீட்டு மாடிக்குப் போயிட்டானுவ. கண்ணால கண்டேன்."

"எதுக்கு?"

"நான் கேக்கதுக்குள்ள பறந்துட்டானுவ!"

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் பாலிடெக்னிக் பையன்கள். தர்மபுரிக்காரர்கள். குழித்துறைக்கு வந்து இருபது நாள்தான். அதற்குள் காலி பண்ணச் சொல்லி மனு தயார். பாட்டுச் சத்தம், வழியை அடைத்து பைக், முன்சுவரில் காயும் ஜட்டி. பன்னிரண்டு வீட்டுக் கையெழுத்து. முதல் கையெழுத்து நாராயணபெருமாளுடையது.

மனுவை வாங்க வரச்சொல்லியிருந்த வீட்டுக்காரர் சேக் மைதீன் அப்போதுதான் வண்டியை நிறுத்தினார்.

"மனு கிடக்கட்டும். வாரும் பாய் மேல. உம்ம வாடகைக்காரனுவ செய்த காரியத்தைப் பாரும்" என்றார் நாராயணபெருமாள்.

தெருவே படியேறியது.

மாடியில் செல்லத்தாய் நாற்காலியில் இருந்தாள். சரிந்துவிடாமல் இடுப்பில் ஒரு துண்டு கட்டியிருந்தது. முருகதாஸ் என்ற பையன் தூறலுக்குக் குடை பிடித்திருந்தான். மற்ற மூன்று பேரும் ஆற்றைப் பார்த்தபடி நின்றார்கள்.

"ஏலே! யாரைக் கேட்டு என் வீட்டுக்குள்ள கேறுனிய?"

"சார், நீங்க தப்பிச்சிட்டீங்களா!" முருகதாஸ் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"எதுல இருந்துல?"

"வெள்ளத்துல இருந்து சார்."

யாருக்கும் புரியவில்லை.

"ரெண்டு நாளா மழை. பின்னாடியே ஆறு. நீங்கதான சார் முக்குல நின்னு கத்துனீங்க? 'வெள்ளம் வந்துட்டு, எல்லாரும் ஓடி வாங்க'ன்னு. டிவில பாத்திருக்கோம் சார், அரை மணி நேரத்துல வீடே முழுகிடும். அம்மாவால ஓட முடியாதே."

ஜெஸ்மிக்குத்தான் முதலில் விளங்கியது. வாயைப் பொத்தினாள். சிரிப்பு நிற்கவில்லை.

"லேய் மக்கா! அது குழாயில வந்த வெள்ளம்! நாலு நாளா மோட்டார் ரிப்பேரு, இன்னிக்குத்தான் வந்திருக்கு. இங்க தண்ணிக்கே வெள்ளம்னுதான் சொல்லுவோம்!"

நாலு பையன்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காது சிவந்தது.

"இருபது நாளு இந்த ஊரு வெள்ளத்தைக் குடிச்சிருக்கிய. இது தெரியலியா?" என்றார் சேக் மைதீன்.

"எங்ககிட்ட யாரு சார் பேசுனாங்க? ஜன்னல் வழியா இந்த அம்மா மட்டும்தான் 'சாப்பிட்டியா மக்கா'ம்பாங்க."

சிரிப்பு நின்றது. ஜெஸ்மி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

சேக் மைதீன் சுற்றிலும் பார்த்தார். "சரி, உங்க சாமான் எங்க? லேப்டாப்பு, சர்ட்டிபிகேட்டு?"

"கீழதான் சார்."

"வெள்ளம் வருதுன்னு நினைச்சிய. அதுல ஒண்ணையும் எடுக்கலியா?"

"அம்மாவைத் தூக்கவே நாலு பேரும் வேணும் சார்."

கீழே ஆறு கரைக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மனு எங்க அண்ணாச்சி?" சேக் மைதீன் கையை நீட்டினார்.

"மனுவா?" நாராயணபெருமாள் தொண்டையைச் செருமினார். "அது வெள்ளத்துல போயிட்டு பாய்."

சட்டைப் பையில் அது விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. சேக் மைதீன் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

"சரி சரி, பிடிங்கல. கீழ இறக்குவோம்."

சொல்லிக்கொண்டே நாராயணபெருமாள் நாற்காலியில் கைவைத்தார். செல்லத்தாய் நல்லாயிருக்கும் இடது கையால் மாடிச்சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் ஆற்றை விட்டு நகரவில்லை.

பக்கவாதம் வந்தபோதே டாக்டர் சொன்னார், தினமும் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வையுங்கள் என்று. நாராயணபெருமாளுக்குக் கடை இருந்தது. நேரமில்லை. ஜன்னலைத் திறந்து வைத்ததோடு சரி.

"கையை எடு செல்லம். போவோம்."

அவள் கையை எடுக்கவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வார்த்தை குழறியது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

"நாளைக்கும் வெள்ளம் வந்துட்டுன்னு சத்தம் போடுங்க, என்னா?"