கண்ணாடிப் பெட்டிச் சாவி

“தப்பு!”

காலை பத்து மணிக்குப் பெரிய முதலாளி போட்ட சத்தத்தில் பொம்மைக் கடையின் கரடிகள்கூடத் திடுக்கிட்டிருக்கும்.

“யோவ் மாடல்! இங்க வாய்யா. கைப்பிடியை இந்தப் பக்கம் சுத்துனா கிரேன் கொக்கி மேல ஏறணுமா, கீழ இறங்கணுமா?”

“ஏறணுங்க.”

“இறங்குதே! பல்சக்கரத்தை மாத்தி மாட்டியிருக்க. கண்ணு மூஞ்சியில இருக்கா, முதுகுல இருக்கா?”

மாடல் அண்ணன் தலையைச் சொறிந்தார். பட்டப்பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். வயது ஐம்பத்திரண்டு, அதற்கேற்ற தொந்தி. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து, வாசல் கண்ணாடிப் பெட்டிக்குத் தினம் ஒரு இயந்திரம் கட்டுவது அவர் வேலை. நேற்றைய காற்றாலையைப் பிரித்து இன்றைக்குக் கிரேன். நாளைக்கு அதே கட்டைகளில் வேறொன்று.

மூன்று வாரமாகத் தினமும் தப்பு. எதிர்க்கடைத் தையல்காரர் இந்தச் சத்தத்தை வைத்துத்தான் கடிகாரத்தில் மணி சரிபார்க்கிறார் என்று பேச்சு.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சின்ன முதலாளி எழுந்து வந்தார்.

“அப்பா, நீங்க ஏன் டென்ஷன் ஆகுறீங்க? ரெஸ்ட் எடுங்கப்பா.”

தங்கமான பிள்ளை. இதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷத்தில் கல்லா, கிடங்கு, பில் போடுவது எல்லாவற்றையும் அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டார். பெரியவர் கையில் மிச்சம் இருந்தது கண்ணாடிப் பெட்டிச் சாவி ஒன்றுதான்.

சின்ன முதலாளி மாடல் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“என்னண்ணே, படத்தைப் பாத்துப் பொருத்துற வேலை. இதுக்கு என்ன பெரிய மூளை வேணும்? கண்ணை மூடிக்கிட்டு நானே கட்டிடுவேன். நாளைக்கும் தப்பு வந்துச்சுன்னா, நீங்க வேற இடம் பாத்துக்குங்க.”

“சரிங்க தம்பி.”

மாடல் அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. இந்த வயதில், பொம்மை கட்ட மட்டுமே தெரிந்த ஆளுக்கு யார் வேலை தருவார்கள்?

மறுநாள் டிப்பர் லாரி. கைப்பிடியைச் சுற்றினால் பின்பெட்டி தூக்கிக் கொட்ட வேண்டும். சின்ன முதலாளி கடைசிக் கட்டை வரை பக்கத்திலேயே நின்றார். மூன்று முறை தானே சுற்றியும் பார்த்தார். மூன்று முறையும் பெட்டி ஜம்மென்று தூக்கியது. நிம்மதியாக உள்ளே போனார்.

பத்து மணி.

“தப்பு!”

ஓடி வந்து பார்த்தால், லாரி பெட்டியைத் தூக்காமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மாடல் அண்ணன் வழக்கம்போலத் தலையைச் சொறிந்துகொண்டு திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

சின்ன முதலாளி நேராக உள்ளே போய்க் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்.

பெரியவர் வருகிறார். பெட்டியைத் திறந்து கைப்பிடியைச் சுற்றுகிறார். லாரி அழகாகத் தூக்குகிறது. அவர் முகம் தொங்கிப்போகிறது. பால் குடிக்க வந்த பூனை மாதிரி முன்னும் பின்னும் பார்க்கிறார். ஒரு பல்சக்கரத்தைப் பிடுங்கி இடம் மாற்றி மாட்டுகிறார். அப்புறம்தான் வாயைத் திறக்கிறார்.

சின்ன முதலாளிக்கு மானம் போயிற்று. அப்பா இப்படிச் செய்வாரா? மாடல் அண்ணனை உள்ளே கூப்பிட்டார்.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?”

“தெரியும் தம்பி. மூணு வாரமா.”

“வேலையே போக இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா, ரெஸ்ட் எடுங்கப்பான்னு அந்தச் சாவியையும் வாங்கிடுவீங்களே.”

சின்ன முதலாளிக்குச் சுருக்கென்றது.

“என்னை நல்லாத் திட்டுறாரு. ஒரு மணி நேரம் உக்காந்து சரி பண்றாரு. அப்புறம் சீட்டி அடிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போறாரு. ஞாயித்துக்கிழமை கடை லீவு. அன்னிக்கு அவர் மூஞ்சியைப் பாத்திருக்கீங்களா?”

பார்த்திருக்கிறார். ஞாயிறு முழுக்க அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ரெஸ்ட் எடுக்கிறார் என்றுதான் இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கேமராப் பதிவை நிறுத்திவிட்டு, “நீங்க எங்கயும் போகாதீங்கண்ணே,” என்றார். “நாளைக்கு ஒரு நாள் மட்டும் நான் கட்டுறேன்.”

மறுநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தூக்குப் பாலம் நின்றது. பத்து மணிக்குச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகவே வந்தது.

“தப்பு! யோவ் மாடல்!”

“அவர் இல்லப்பா. நான்தான் கட்டினேன்.” சின்ன முதலாளி கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

பெரியவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒண்ணு, இந்தச் சக்கரம் இடம் மாறியிருக்கு. ரெண்டு, அச்சு குட்டை. மூணு, கயிறு எதிர்ப்பக்கமாச் சுத்தியிருக்க. நாலு, பாலத்துக்குப் பின்னாடி பாரமே வைக்கல. நாலு தப்புடா! உன்னை நம்பி எப்படிடா கடையைக் குடுத்தேன்? வா, பக்கத்துல உக்காரு. இதை முடிக்கவே மத்தியானம் ஆயிடும்.”

சொல்லும்போதே பெரியவருக்குச் சீட்டி வந்துவிட்டது.

சின்ன முதலாளி மாடல் அண்ணனின் காதருகே குனிந்தார்.

“அண்ணே, நான் வேணும்னே பண்ணது ஒண்ணுதான்!”