கடல்பசுவைத் தொட்ட கை

"கண்ணு தெரியாத பொம்பளைக்கு மியூசியத்துல என்னய்யா சோலி? வெளியில அனுப்பு."

சூப்பிரண்டு நாகநாதன் சொன்னபோது சவேரியார் கடல்பசுவின் முதுகைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உச்சிப்புளிக் கடலோரத்தில் இரண்டே அறைகளில் இருந்த சர்க்கார் மியூசியம் அது. சங்கு, சிப்பி, சுறாவின் தாடை, நடு அறையில் பாடம் பண்ணி வைத்த எட்டடி நீளக் கடல்பசு. கூட்டுவது, துடைப்பது, காவல் காப்பது எல்லாம் சவேரியார் ஒருத்தர்தான். பார்க்க வருகிற பிள்ளைகள் ஒரு ஸ்டூலைச் சாண் தூரம் நகர்த்தினாலும் அவருக்குப் பொறுக்காது. அதட்டி, இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்வார். வாரத்துக்கு இரண்டு நாள் ராமநாதபுரத்திலிருந்து வரும் சூப்பிரண்டுக்கு எல்லாரிடமும் நொட்டைச் சொல் உண்டு. சவேரியாரிடம் மட்டும் கிடையாது.

வாசலில் கோலைத் தட்டிக்கொண்டு நின்றவள் உமையாள். பரமக்குடிப் பக்கம் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போய்விட்டது. இது அவளுக்கு மூன்றாவது நடை. முதல் தடவை, துணைக்கு ஆள் இல்லாமல் விடமுடியாது என்றார்கள். அடுத்த தடவை தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டின் கடுதாசி எங்கே என்றார்கள். இன்றைக்குக் கடுதாசியோடு வந்தால், எதையும் தொடக்கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறதாம். இத்தனை நடை கோயிலுக்கு நடந்திருந்தால் சாமியே இறங்கி வந்திருக்கும்.

உமையாள் அசையவில்லை.

"சுவத்துல எழுதுனது கண்ணுள்ளவுகளுக்குங்கய்யா. எங்க வீட்டுல நாலு மாடு நிக்கிது. கடலுக்குள்ளயும் மாடு மேயுதுன்னு சொல்றாக. அது எப்பிடி இருக்கும்னு நான் தொட்டுத்தான பாக்கணும்? பாக்காமப் போகமாட்டேன்."

அதோடு விட்டாளா? கூடை முடையப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் தன்னைப் போலப் பதினோரு பேர் இருப்பதாகவும், அடுத்த வாரம் அத்தனை பேரும் பஸ் ஏறி வரப்போவதாகவும் சொன்னாள். அனுமதி கேட்கிற குரலாக அது இல்லை. சூப்பிரண்டு பொல்லாதவர் இல்லை. மேலிடம் என்றால் தொடை நடுங்குகிற மனுஷர், அவ்வளவுதான். அவர் உமையாளோடு வந்திருந்த தம்பியைக் கூப்பிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

சவேரியார் துணியும் கையுமாக நின்றார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நெஞ்சில் மூச்சு நிற்காமல் சங்கு குளிப்பதை விட்ட பிறகு கிடைத்த வேலை. இந்தச் சம்பளத்தில்தான் பெண்சாதி ஜோதிமேரி அடுப்புப் பற்றவைக்கிறாள். மூன்று வருஷமாக அவர் வாயை மூடிக்கொண்டு இருந்ததும் அதற்காகத்தான்.

ஆனால் முதல் இரண்டு தடவையும் உமையாளின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது இவர் கைதான். இவரே அப்படிச் செய்யலாமா? நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

துணியைத் தோளில் போட்டார். நேரே வாசலுக்கு நடந்து, "வா தாயி" என்று அவள் கையைப் பிடித்தார்.

சூப்பிரண்டு அதட்டினார். சவேரியார் நிற்கவில்லை.

"அய்யா, இருபது வருசம் சங்கு குளிச்சவன் நான். கலங்கல் தண்ணிக்குள்ள எவனுக்குக் கண்ணு தெரியும்? எது சங்கு, எது கல்லுன்னு கைதான் சொல்லும். இந்தப் பிள்ளையும் கையாலயே பாத்துட்டுப் போகட்டும்."

அவள் கையைக் கொண்டுபோய்க் கடல்பசுவின் முதுகில் வைத்தார். உமையாள் அவசரப்படவில்லை. முதுகைத் தடவி, மீனுக்கு இருப்பது போல விரிந்த வாலைத் தடவி, துடுப்புக்குக் கீழே வந்ததும் நின்றாள். கக்கத்திலா இதற்குப் பால்காம்பு என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பு இரண்டு அறைக்கும் கேட்டது. பிறகு தலைக்கு வந்தாள். கீழ்நோக்கி மடிந்த அந்த அகன்ற வாயை விரல்கள் வெகுநேரம் வருடின.

"புல்லை மேயுற வாய்தாண்ணே இது. மாடேதான்" என்றாள். அவள் குரல் கம்மிப்போயிருந்தது.

பூட்ஸ் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. சூப்பிரண்டு இப்போது கத்தவில்லை, அதுதான் மோசம். போன மாதம் மெட்ராஸிலிருந்து வந்த பெரிய அதிகாரி புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனதை ஞாபகப்படுத்தினார். ஒரு சிப்பிகூட விரல்கடை நகராமல், ஒரு கீறல் விழாமல், இவ்வளவு ஒழுங்கான மியூசியத்தைத் தான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தாராம்.

"அந்தப் பேரு முழுக்க உன்னாலதான் வந்துச்சு, சவேரியார். இன்னைக்கு இவ ஒருத்தி. அடுத்த வாரம் பதினோரு பேரு. கண்ணில்லாதவங்களை நம்பி இத்தனை சாமானையும் எப்படிய்யா விடுறது?"

சவேரியார் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்தார். குரல் வந்த பக்கமாக அதை நீட்டினார்.

"மூணு வருசமா விட்டிருக்கீகளே அய்யா. எனக்கு ரெண்டு கண்ணும் போயி மூணு வருசமாச்சு."